அடிக்கடி விழும் சுவிட்சு

(ரப்பர்த் தோட்ட மண்டபம் ஒன்றில் தகவல் இலாகா அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)

பொழுது புலருமுன் எழுந்து, பெரட்டுக்குப் போய், பால்மரக் காட்டில் உழைத்துத் திரும்பிய களைப்போடு நீங்கள் இங்கே அமர்ந்திருக்கின்றீர்கள். ஆகையால் சுற்றி வளைக்காமல் விஷயத்திற்கு வருகிறேன்.

சென்ற மாதம் வேறொரு பணியின் பொருட்டு இத்தோட்டத்திற்கு வந்திருந்தபோது, ஓர் அம்மையார் என்னை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, மழை பெய்தால் போதும், எங்கள் வீட்டு மெயின் சுவிட்சு விழுந்துவிடுகிறது. தூக்கி விட்டால் மறுபடியும் விழுகிறது. அதை எடுத்துவிட்டு நேராகக் கம்பி கொடுத்துவிடலாம் என்று என் தம்பி சொல்கிறான். செய்யலாமா?" என்றார்.

"செய்யாதீர்கள் அம்மா" என்று அப்பொழுது சொன்னேன். ஆனால் 'செய்யாதே' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது நல்ல ஆசிரியனுக்கு அழகன்று. ஏன் செய்யக்கூடாது, பிறகு என்னதான் செய்வது என்ற இரண்டையும் விளக்கவே இன்று வந்திருக்கிறேன். அந்த அம்மையாரும் இங்கே அமர்ந்திருக்கின்றார்.

முதலில் எந்தச் சுவிட்சைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். உங்கள் வீட்டுச் சுவரில் உள்ள மின்பெட்டியைத் திறந்து பாருங்கள். அதில் சிறிய சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். அவை விளக்குக்கு ஒன்று, பிளக்குகளுக்கு ஒன்று எனத் தனித்தனியே பிரிக்கப்பட்டவை. அளவுக்கு மிஞ்சிய மின்சாரம் ஓடினாலோ இரண்டு கம்பிகள் நேராக ஒட்டிக்கொண்டாலோ இவை விழும். இவற்றின் அருகே சற்று அகலமான ஒன்று இருக்கும். அதன் முகத்தில் 'டி' என்ற ஆங்கில எழுத்திட்ட சிறு பொத்தான் ஒன்று காணப்படும். நாம் 'டிரிப் சுவிட்சு' என்றும், வயர்மேன்கள் 'ஈ.எல்.சி.பி.' என்றும் சொல்வது இதைத்தான். சரியாகச் சொன்னால் இன்றைய வீடுகளில் இருப்பது 'ஆர்.சி.சி.பி.' ஆகும். பழைய வகைக் கருவிக்கு வைத்த பெயர் புதியதற்கும் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

இந்தக் கருவி செய்யும் வேலை என்ன? உங்களுக்குப் பழக்கமான ஒன்றைக் கொண்டே சொல்கிறேன். காலைப் பெரட்டில் நாற்பது பேரை எண்ணிக் காட்டுக்கு அனுப்புகிறார்கள். வேலை முடிந்து திரும்பும்போதும் எண்ணுகிறார்கள். நாற்பது பேர் வந்தால் கவலை இல்லை. முப்பத்தொன்பது பேர் வந்தால்? ஒருவர் எங்கோ வழி தவறியிருக்கின்றார் என்று பொருள். உடனே தேட வேண்டும். டிரிப் சுவிட்சு செய்வதும் இந்த எண்ணும் வேலைதான். 'லைவ்' என்னும் கம்பி வழியாக வீட்டுக்குள் போகும் மின்சாரமும், 'நியூட்ரல்' என்னும் கம்பி வழியாகத் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்க வேண்டும். இரண்டு கம்பிகளும் கருவிக்குள் இருக்கும் ஒரு வளையத்தின் ஊடே செல்கின்றன. போனதற்கும் வந்ததற்கும் வேறுபாடு தோன்றினால் வளையம் அதை உணர்ந்து சுவிட்சை விழச் செய்கிறது. குறைந்துபோன மின்சாரம் எங்கே போயிற்று? ஈரச் சுவர் வழியாக மண்ணுக்குப் போயிருக்கலாம். இயந்திரத்தின் தகரத்தில் இறங்கியிருக்கலாம். ஒரு மனிதரின் உடம்பு வழியாகவும் போயிருக்கலாம். எந்த வழி என்பது சுவிட்சுக்குத் தெரியாது. ஆள் குறைகிறது என்பது ஒன்றே அதற்குத் தெரியும்.

எவ்வளவு குறைந்தால் அது விழும்? வீடுகளில் பிளக்குகளைக் காக்கும் கருவியில் 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கும். ஒரு மில்லி ஆம்பியர் என்பது ஓர் ஆம்பியரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒன்பது வாட் எல்.ஈ.டி. விளக்கு எரியவே ஏறத்தாழ நாற்பது மில்லி ஆம்பியர் வேண்டும். ஆக, ஒரு சிறு விளக்குக்குக்கூடப் போதாத மின்சாரம் கசிந்தாலே கருவி விழித்துக்கொள்கிறது. 'இவ்வளவு அற்பத்திற்கா விழ வேண்டும்?' என்று நீங்கள் நினைக்கலாம். மனித உடம்புக்கு அது அற்பமன்று. ஒரு மில்லி ஆம்பியர் அளவில் உடம்பு சிலிர்ப்பை உணரும். பத்தைத் தாண்டினால் தசைகள் இறுகி, பிடித்த பொருளை விட முடியாமற் போகும். முப்பதுக்கு மேல் மார்பின் வழியே சற்று நேரம் ஓடினால் உயிருக்கே ஆபத்து. இதை எண்ணித்தான், கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவிகள் உள்ள இடத்தில் 30 மில்லி ஆம்பியருக்கு மேற்படாத கருவியும், தரை ஈரமாகக் கூடிய இடத்தில் 10 மில்லி ஆம்பியர் கருவியும் இருக்க வேண்டுமென 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் கூறுகின்றன. குளியலறை வெந்நீர் ஹீட்டருக்குத் தனியாக ஒரு டிரிப் சுவிட்சு வைப்பது இதனால்தான்.

ஃபியூசு இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று ஒரு தம்பி முன்வரிசையிலிருந்து கேட்கின்றார். நல்ல கேள்வி. பிளக்குக்குள் இருக்கும் ஃபியூசு 13 ஆம்பியர். உயிரைப் பறிக்கும் அளவைப்போல் அது நானூறு மடங்குக்கும் மேல். ஃபியூசு கம்பியைக் காக்கும், மனிதனைக் காக்காது.

இனி என் சொந்த வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பிறருக்கு அறிவுரை சொல்லும் பணியில் இருப்பவன் தன் வீட்டுத் தவற்றைச் சொல்ல வெட்கப்படலாம். ஆயினும் இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் வீட்டு டிரிப் சுவிட்சு ஓயாமல் விழத் தொடங்கியது. பெரும்பாலும் காலை ஐந்தரை மணிக்கு, என் மனைவி தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கும் வேளையில் விழும். இருட்டில் தட்டித் தடவிச் சென்று தூக்கி விடுவேன். சில நேரம் நிற்கும், சில நேரம் நிற்காது. பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படும் அவசரத்தில் இது பெருந்தொல்லையாகிவிட்டது. அக்கம்பக்கத்தில் சில்லறை வேலைகள் செய்து கொடுக்கும் ஒருவர் வந்து பார்த்தார். "சார், இந்தச் சுவிட்சு ரொம்ப உணர்ச்சி பிடித்தது. இதை ஒதுக்கிவிட்டு நேராகக் கொடுத்துவிடுகிறேன். அரை மணி நேர வேலை, ஐம்பது வெள்ளி போதும்" என்றார். உண்மையைச் சொல்கிறேன், நான் பணப்பையை எடுத்துவிட்டேன். அன்று அவரிடம் தேவையான கம்பி இல்லாததால் நாளை வருவதாகச் சொல்லிப் போனார். அந்த ஓர் இரவு எனக்கு யோசிக்கக் கிடைத்தது. மறுநாள் அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பதில் நான் செய்தது ஓர் ஆசிரியரின் வேலை. பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை மின்பெட்டிக்கு அருகே கட்டித் தொங்கவிட்டேன். சுவிட்சு விழும்போதெல்லாம் நாள், நேரம், மழையா வெயிலா, அப்பொழுது எந்தெந்தக் கருவி ஓடிக்கொண்டிருந்தது என்பவற்றை எழுத வேண்டும் என்று வீட்டாரிடம் சொன்னேன். பதினேழு நாளில் ஒன்பது முறை விழுந்திருந்தது. அவற்றுள் ஏழு முறை கெட்டில் ஓடும்போது. குற்றவாளி அகப்பட்டான் என்று எண்ணி, கெட்டிலைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது வாங்கினேன். மறுநாள் காலை ஐந்தரைக்குப் புதிய கெட்டிலிலும் விழுந்தது!

மீண்டும் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். மற்ற இரண்டு முறையும் இஸ்திரிப் பெட்டி ஓடியிருந்தது. காற்றாடி, விளக்கு, தொலைக்காட்சி இவை மட்டும் ஓடியபோது ஒரு தடவைகூட விழவில்லை. அதற்குமேல் எனக்கு எட்டவில்லை. தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேன் ஒருவரைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தேன். அவர் கெட்டிலைத் தொடவே இல்லை. "எப்பொழுதும் சுவரில் செருகியபடியே இருக்கும் பிளக்குகள் எவை?" என்று கேட்டார். ஐஸ் பெட்டி, சலவை இயந்திரம் என்றேன். "ஆனால் சலவை இயந்திரத்தின் சுவிட்சை அணைத்துத்தான் வைப்போம்" என்றும் சொன்னேன். "அணைத்தீர்கள், கழற்றவில்லையே" என்று சொல்லிக்கொண்டே அதன் பிளக்கை வெளியே இழுத்தார். பிறகு கெட்டிலையும் இஸ்திரிப் பெட்டியையும் ஒரே நேரத்தில் போடச் சொன்னார். சுவிட்சு அசையவில்லை.

இதன் சூட்சுமத்தைச் சற்றுக் கவனமாகக் கேளுங்கள். சுவரில் உள்ள பிளக் சுவிட்சு பெரும்பாலும் லைவ் கம்பியை மட்டுமே துண்டிக்கும். நியூட்ரல் கம்பி துண்டிக்கப்படாமல் இயந்திரத்தோடு இணைந்தே இருக்கும். எங்கள் இயந்திரத்தின் உள்ளே அந்த நியூட்ரல் கம்பி உறை கிழிந்து தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. தகரமோ எர்த்துக் கம்பி வழியாக மண்ணோடு இணைந்தது. ஆகவே வீட்டின் எந்த மூலையில் எந்தக் கருவி ஓடினாலும், திரும்பி வரும் மின்சாரத்தில் ஒரு சிறு பங்கு நியூட்ரல் கம்பியை விட்டு விலகி, இந்தக் குறுக்கு வழியாக மண்ணுக்குள் போய்விடும். விளக்கும் காற்றாடியும் ஓடும்போது அந்தப் பங்கு மிகச் சிறியது, கருவி பொருட்படுத்தாது. எட்டு, ஒன்பது ஆம்பியர் இழுக்கும் கெட்டில் ஓடும்போது அந்தப் பங்கு முப்பது மில்லி ஆம்பியரைத் தாண்டிவிடும். உடனே சுவிட்சு விழும். வகுப்பில் கூச்சல் போட்டவன் ஒருவன், பிரம்படி வாங்கியவன் மற்றொருவன் என்ற கதைதான். பழைய கெட்டிலை எறிந்ததற்காக என் மனைவி இன்றளவும் என்னைக் கேலி செய்வார்.

அத்தோடு முடிந்திருந்தால் இது வேடிக்கைக் கதை. வயர்மேன் அந்த இயந்திரத்தைச் சாய்த்து அடிப்பாகத்தைக் காட்டினார். எலி உள்ளே புகுந்து கூடு கட்டியிருந்தது. நியூட்ரல் கம்பியின் உறையை முழுவதும் கடித்திருந்தது. அதற்கு அடுத்த கம்பியையும் கடித்து, செம்பு பளபளவென்று வெளியே தெரிந்தது. அதுதான் லைவ் கம்பி. தகரத்திற்கும் அதற்கும் இடையே ஒரு நகத்தின் அளவு இடைவெளி இருந்தது. இயந்திரம் இருந்த இடம் பின்கட்டின் ஈரச் சிமெண்டுத் தரை. என் இளைய மகள் வெறுங்காலோடு ஓடித் திரியும் இடம். அந்த ஐம்பது வெள்ளி வேலையை நான் ஒப்புக்கொண்டிருந்தால், இன்று உங்கள் முன் நின்று இதைக் கதையாகச் சொல்ல முடிந்திருக்குமோ என்னவோ.

எர்த்துக் கம்பி காப்பாற்றியிருக்காதா என்று கேட்கலாம். தீபகற்ப மலேசியாவில் தெனாகா நேஷனல் மின்சாரம் பெறும் பெரும்பாலான வீடுகளின் எர்த்து, வீட்டருகே மண்ணில் அடித்த செம்புப் பூச்சுடைய கம்பியை நம்பியே உள்ளது. மண் வழியாக ஓடும் மின்சாரத்திற்குத் தடை அதிகம். போகும் வழி முழுவதிலும் 15 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டை 15ஆல் வகுத்தால் ஏறத்தாழ 15 ஆம்பியர் வரும். 20 ஆம்பியர் சிறு சுவிட்சு அதற்கு விழாது. 13 ஆம்பியர் ஃபியூசும் அதற்கு உடனே எரியாது. இயந்திரத்தின் தகரம் நூறு வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தத்தோடு அமைதியாக நின்றுகொண்டிருக்கும். நம் நாட்டு வீடுகளில் இந்த டிரிப் சுவிட்சை ஒதுக்குவது ஏன் இவ்வளவு ஆபத்தானது என்பது இப்பொழுது விளங்கியிருக்கும்.

சரி, உங்கள் வீட்டில் சுவிட்சு விழுந்தால் எப்படித் தேடுவது? பகல் வெளிச்சத்தில், உலர்ந்த கையோடு, காலில் ரப்பர்ச் செருப்போடு, உலர்ந்த தரையில் நின்று இதைச் செய்ய வேண்டும். மின்பெட்டியின் மூடியைத் திருகு கழற்றித் திறக்கக் கூடாது. வெளியே தெரியும் சுவிட்சுகளைத் தூக்குவதும் இறக்குவதும் மட்டுமே நம் வேலை.

முதலில் வீட்டிலுள்ள எல்லாப் பிளக்குகளையும் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். அணைத்தால் போதாது, கழற்ற வேண்டும். ஏன் என்பதை இப்பொழுதுதான் பார்த்தோம். ஐஸ் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் பிளக்கையும், தொலைக்காட்சிக்குப் பின்னால் புழுதி படிந்திருக்கும் பிளக்கையும் மறந்துவிடாதீர்கள். பெரும்பாலோர் தவறு செய்வது இங்கேதான். அடுத்து, சிறிய சுவிட்சுகள் அனைத்தையும் கீழே இறக்கிவிட்டு, டிரிப் சுவிட்சை மட்டும் தூக்கிப் பாருங்கள். அப்பொழுதும் அது நிற்கவில்லையென்றால் கருவியே பழுதடைந்திருக்கலாம், அல்லது சுவருக்குள் செல்லும் நியூட்ரல் கம்பி எங்கோ எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். சிறிய சுவிட்சுகளும் லைவ் கம்பியையே துண்டிக்கின்றன என்பதால், அவற்றை இறக்கினாலும் இந்த இரண்டாவது கோளாறு மறையாது. இது வயர்மேனின் வேலை. நீங்கள் அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள்.

டிரிப் சுவிட்சு நின்றுவிட்டால், சிறிய சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையே சில நிமிடம் பொறுங்கள். எதைத் தூக்கும்போது விழுகிறதோ, அந்தப் பகுதியில் நிலையாகப் பொருத்திய ஏதோ ஒன்றில் கசிவு இருக்கிறது. வாசல் விளக்கு, கூரை ஒழுகும் இடத்தில் உள்ள விளக்கு, குளியலறை ஹீட்டர் ஆகியவற்றின் மீது முதலில் சந்தேகப்படலாம். 'மழை பெய்தால் விழுகிறது' என்ற அந்த அம்மையாரின் வீட்டில் நான் முதலில் பார்க்கச் சொல்வது வெளிப்புற விளக்கையும், வெளிச்சுவரிலுள்ள பிளக்கையுமே. எறும்புகள் மண்ணைச் சேர்த்துக் கூடு கட்டிய பிளக்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு கசியும். மழை நின்று வெயில் வந்ததும் கோளாறு தானாக மறைந்துவிடுவதால் யாரும் நம்பமாட்டார்கள். தகரக் கூரை ஒழுகி, விளக்கின் அடிக்கட்டையில் நீர் தேங்கினாலும் இதே கதைதான்.

எல்லாச் சிறு சுவிட்சுகளும் நின்றுவிட்டால் பழுது ஏதோ ஒரு கருவியில் என்று பொருள். கருவிகளை ஒவ்வொன்றாகச் செருகிப் போட்டுப் பாருங்கள். சூடேறும் கருவிகளைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டே தீர்மானிக்க வேண்டும். ரைஸ் குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் ஆகியவற்றின் சூட்டுச் சுருள், உலோகக் குழாய்க்குள் ஒரு வெண்பொடியால் சூழப்பட்டிருக்கும். அந்தப் பொடி ஈரத்தை உறிஞ்சக் கூடியது. குழாயின் வாய் வழியே ஈரக்காற்று புகுந்து, மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைத்த கருவியை எடுத்துப் போட்டவுடன் சுவிட்சு விழும். ஐஸ் பெட்டியின் குறும்பு வேறு வகை. பனி படியாத வகை ஐஸ் பெட்டியில், படியும் பனியை உருக்க ஒரு சிறு சூட்டுச் சுருள் உண்டு. அது நாள் முழுவதும் ஓடாது; சில மணி நேரத்திற்கு ஒருமுறை தானாகவே ஓடும். அந்தச் சுருளில் கசிவு ஏற்பட்டால், யாரும் எதையும் தொடாத நள்ளிரவில் சுவிட்சு விழும். பேய் என்று நினைத்துக் கயிறு மந்திரித்துக் கட்டிய வீடும் ஒன்றை நான் அறிவேன்.

தனித்தனியாகப் போட்டால் எதுவும் விழவில்லை, எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால்தான் விழுகிறது என்று சிலர் வியப்பார்கள். அதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, என் வீட்டில் நடந்ததைப் போன்ற நியூட்ரல் கோளாறு. மற்றொன்று, கசிவுகளின் கூட்டுத்தொகை. கணினி, சலவை இயந்திரம், இன்வர்ட்டர் வகைக் குளிர்சாதனம் போன்றவற்றில் பழுது ஏதுமின்றியே, அவற்றின் அமைப்பு காரணமாகச் சிறிதளவு மின்சாரம் எர்த்துக்குப் போய்க்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று மில்லி ஆம்பியர் என்றால் பல சேரும்போது பதினைந்தைத் தாண்டிவிடும். முப்பது என்று எழுதிய கருவி பதினைந்து வரை விழக்கூடாது. முப்பதில் விழுந்தே ஆகவேண்டும். இடைப்பட்ட அளவில் எங்கு வேண்டுமானாலும் விழலாம். அதாவது அங்கே கருவியும் நல்லது, சாதனங்களும் நல்லவை; ஒரே சுவிட்சின் கீழ் குடும்பம் பெருகிவிட்டது, அவ்வளவே. இந்த ஒரு வகையைத்தான் உண்மையில் 'வீண் தொல்லை' எனலாம். அதற்கும் மருந்து சுவிட்சை ஒதுக்குவதன்று. வயர்மேனைக் கொண்டு வீட்டின் பகுதிகளை இரண்டு டிரிப் சுவிட்சுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது. அப்படிப் பிரிக்கும்போது நியூட்ரல் கம்பிகளையும் தனித்தனியே பிரிக்க வேண்டும். ஒன்றின் நியூட்ரல் மற்றதோடு கலந்துவிட்டால், முன்னைவிட மோசமாக இரண்டும் விழும்.

இடி மின்னலின்போது விழுவது வேறு சங்கதி. அருகில் மின்னல் இறங்கினால் கம்பிகளில் ஒரு நொடியின் சிறு பங்கு நேரம் பேரழுத்தம் பாய்ந்து, அதில் கொஞ்சம் மண்ணுக்கு வடியும்; சுவிட்சு விழும். மழை விட்ட பிறகு ஒருமுறை தூக்கி விடுங்கள். நின்றால் கவலை வேண்டாம். நிற்கவில்லையென்றால் ஏதோ ஒரு கருவி அடிபட்டிருக்கிறது. மேலே சொன்னபடி தேடுங்கள். இடி வருமுன்பே தொலைக்காட்சி முதலியவற்றின் பிளக்குகளைக் கழற்றி வைப்பது நல்லது. நிற்காத சுவிட்சைச் சினங்கொண்டு பத்து முறை, இருபது முறை தூக்குவோர் உண்டு. ஒவ்வொரு முறையும் பழுதடைந்த இடத்திற்கு மின்சாரத்தை மறுபடியும் அனுப்புகிறோம் என்பதை மறக்கக் கூடாது. அந்த நேரத்தில் வேறொருவர் குளியலறையில் இருக்கலாம் அல்லவா?

தோட்டக் கோயில் திருவிழாவும் தீபாவளியும் வரும்போது ஒரு வேண்டுகோள். அலங்கார விளக்குகளுக்காகப் புல்தரையில் இழுத்துப் போடும் நீட்டிப்புக் கம்பியின் இணைப்புகளை டேப் சுற்றிவிட்டால் போதும் என்று எண்ணாதீர்கள். பனியும் தூறலும் அதற்குள் இறங்கும். கோயில் விளக்குகள் பாதி விழாவில் அணைந்துபோவதற்கு அதுவே பெரும்பாலும் காரணம். இணைப்பைத் தரையிலிருந்து உயர்த்தி, மழை படாத இடத்தில் வையுங்கள். அந்த இரவில் மட்டும் என்று சொல்லி டிரிப் சுவிட்சைச் சுற்றிக் கம்பி கொடுப்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். சாமி ஊர்வலத்தைச் சுற்றி எத்தனை குழந்தைகள் வெறுங்காலோடு நடக்கின்றன!

யாரை அழைப்பது என்பதற்கு வருகிறேன். தீபகற்பத்தில் மின்கம்பி வேலை செய்வோர் எரிசக்தி ஆணையம் வழங்கும் தகுதிச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. அவரிடம் இரண்டு சோதனைகளைக் கேளுங்கள்: கம்பிகளின் உறை நல்ல நிலையில் உள்ளதா என்ற சோதனை ஒன்று, டிரிப் சுவிட்சு எத்தனை மில்லி ஆம்பியரில், எவ்வளவு நேரத்தில் விழுகிறது என்ற சோதனை மற்றொன்று. முப்பது மில்லி ஆம்பியர் கசிவில் 0.3 நொடிக்குள் அது விழ வேண்டும். இந்தச் சோதனைகளுக்குரிய கருவிகள் இல்லாமல், கையில் டெஸ்டர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு 'சுவிட்சு கெட்டுவிட்டது' என்று சொல்பவரை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். நீங்கள் குடியிருப்பது தோட்டத்து வீடு என்றால், பழுதைத் தோட்ட அலுவலகத்திற்கு எழுத்து மூலம் தெரிவித்து, ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டைப் பழுதின்றி வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று தொழிலாளர் குடியிருப்பு பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வாயால் சொன்னது காற்றோடு போகும். கடிதம் கோப்பில் இருக்கும். உங்கள் வீடு மட்டுமன்றி வரிசை முழுவதும் இருண்டிருந்தால் அது உங்கள் சுவிட்சின் குற்றமன்று; தெனாகா நேஷனலின் 15454 எண்ணை அழையுங்கள்.

இறுதியாக அந்தச் சிறு பொத்தான். மாதத்திற்கு ஒருமுறை அதை அழுத்த வேண்டும். அழுத்தியவுடன் சுவிட்சு 'டக்'கென்று விழ வேண்டும். விழுந்தால் நல்லது, தூக்கி விடுங்கள். விழவில்லையென்றால் கருவி செத்துவிட்டது; அதை மாற்றியாக வேண்டும். பல ஆண்டுகளாக ஒருமுறைகூட விழாத சுவிட்சைக் கண்டு 'எங்கள் வீட்டில் தொல்லையே இல்லை' என்று மகிழ்பவர்கள் இருக்கின்றார்கள். உள்ளே துருப்பிடித்து இறுகிப் போயிருந்தாலும் அது விழாதுதான். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பொத்தானை அழுத்தும் சோதனை கருவியைப் பற்றி மட்டுமே சொல்லும், மண்ணில் அடித்த எர்த்துக் கம்பியைப் பற்றி எதுவும் சொல்லாது. அதை வயர்மேன்தான் அளந்து பார்க்க வேண்டும். எர்த்துக் கம்பியின் தலையில் உள்ள பிடி கழன்று தொங்குகிறதா என்பதை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். புல் வெட்டும்போது கத்தி பட்டு அது அறுந்துபோவது தோட்டங்களில் சாதாரணம்.

என் பேச்சு இவ்வளவே. என்னுடன் ஒரு வயர்மேனும் வந்திருக்கிறார். இந்த மண்டபத்தின் மின்பெட்டி அதோ அந்தத் தூணுக்குப் பின்னால் இருக்கிறது. நிர்வாகத்திடம் அனுமதி பெற்றிருக்கிறோம். இப்பொழுது அவர் பொத்தானை அழுத்திக் காட்டுவார். ஒரு கணம் மண்டபம் இருளும், குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு தேநீர் உண்டு. மழைக்குச் சுவிட்சு விழும் வீட்டுக்கு அந்த அம்மையாரோடு நாங்கள் இருவரும் போகிறோம். வேறு யாருக்கேனும் அதே தொல்லை இருந்தால், வீட்டு எண்ணை இந்த நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொடுங்கள்.